ஆராய்ச்சிச் சாலைக்கும் உழவர் வயலுக்கும் இடையே

விவசாய ஆராய்ச்சியின் பயன் ஆராய்ச்சிச் சாலையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு புதிய வித்தோ, எருவோ, பூச்சியைத் தடுக்கும் முறையோ குடியானவர் நிலத்தில் கைக்கொள்ளப்பட்டு, அவருடைய களத்தில் மகசூலாக வந்து சேர்ந்த பிறகே பயன்பட்டதாகக் கொள்ள வேண்டும். ஆராய்ச்சிச் சாலைக்கும் வயலுக்கும் இடையேயுள்ள தூரம் சில மைல்களே ஆயினும், அதைக் கடந்து வர ஒரு நல்ல முறைக்கு அநேக வருஷங்கள் பிடிப்பதுண்டு. குடியானவர் பழமையை விடமாட்டார், எழுதியதைப் படிக்கமாட்டார் என்று இதற்குக் காரணம் கூறுவது எளிது. அக்காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள பருத்திச் சீமையில் 1903ஆம் வருஷத்தில் நடந்த ஒரு பரீட்சை தெளிவாகக் காட்டுகிறது. ஆராய்ச்சி நிபுணர் கூறும் சொல்லைக் குடியானவர் எப்பொழுது நம்புகிறார், எப்பொழுது நம்ப மறுக்கிறார் என்பதை அறிய விரும்பும் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அவ்வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பருத்திக்கு வந்த பீடை

மெக்ஸிகோ தேசத்திலிருந்து 1892ஆம் வருஷ வாக்கில் ஒரு சிறு கூன்வண்டு டெக்ஸாஸ் மாகாணத்தின் தென்கோடியில் வந்து புகுந்தது. அதன் நீளம் சுமார் கால் அங்குலமே. பெண் வண்டு தன் நீண்ட மூக்கினால் பருத்திச் சப்பையைத் துளைத்து, அத்துளையில் ஒரு முட்டையை இட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு சப்பையின் உட்புறத்தைத் தின்று வளர, சப்பை மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. பூக்கும் பருவம் கடந்த பின் இளங்காய்களையும் அது இவ்வாறே அழிக்கிறது. முட்டை வண்டாவதற்கு மூன்று வாரங்களே போதுமாதலால், ஒரே பருவத்தில் பல தலைமுறைகள் பெருகிவிடும். புழு சப்பைக்குள் மறைந்து வாழ்வதால், அக்காலத்தில் இலைமேல் தெளிக்கப்பட்ட விஷ மருந்துகள் அதைத் தொடவில்லை. இவ்வண்டு இந்தியாவில் இல்லை. ஆனால் அமெரிக்கப் பருத்திச் சீமையில் அது வருஷந்தோறும் வடக்கிலும் கிழக்கிலும் பரவி, 1922ஆம் வருஷத்துக்குள் அநேகமாகப் பருத்தி விளையும் பிரதேசம் முழுவதையும் பற்றிக்கொண்டது. அது சென்ற இடமெல்லாம் மகசூல் விழுந்தது. பருத்தியை நம்பிக் கடன் கொடுத்த வியாபாரிகள் கைவிரித்தனர். நிலத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் பல.

நிபுணர்கள் இதை அறியாதிருக்கவில்லை. 1894ஆம் வருஷத்திலேயே சர்க்கார் பூச்சியியல் நிபுணர் டௌன்ஸெண்ட் என்பவர் டெக்ஸாஸுக்கு அனுப்பப்பட்டார். எல்லையோரத்தில் ஓர் அகன்ற பகுதியில் சிறிது காலம் பருத்தியே பயிரிடாது விட்டுவிட்டால் வண்டைத் தடுக்கலாம் என்று அவர் யோசனை கூறினார். மாகாணச் சட்டசபை அதை ஏற்கவில்லை. பின்னர் வண்டின் வாழ்க்கையை நன்கு ஆராய்ந்து சில செய்கை முறைகள் வகுக்கப்பட்டன. சீக்கிரம் காய்க்கும் ரகத்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே விதைத்து, வண்டு பெருகுமுன் காயை முதிரச் செய்தல். வரிசைக்கு வரிசை போதிய இடம் விடுதல். அடிக்கடி களை கொத்திவிடுதல். உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கி அழித்தல். பஞ்செடுத்து முடிந்தவுடன் பருத்தி மாரை உழுது புதைத்தோ எரித்தோ வண்டு குளிர்காலத்தைக் கழிக்க இடமில்லாமற் செய்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. துண்டுப் பிரசுரங்கள் அச்சாயின, பிரசங்கங்கள் நடந்தன. ஆயினும் வயல்களில் மாறுதல் சொற்பமே. அறிவு ஓரிடத்தில் இருந்தது. வண்டு வேறோரிடத்தில் இருந்தது.

மாதிரிப் பண்ணைகள் ஏன் பயன்படவில்லை?

ஸீமன் நாப் என்பவர் 1833ஆம் வருஷத்தில் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். அயோவா விவசாயக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, பின் அதன் தலைவரும் ஆனார். ஆராய்ச்சி நிலையங்களை நாடெங்கும் ஏற்படுத்த வழி செய்த 1887ஆம் வருஷத்துச் சட்டத்திற்கு முன்னோடியான மசோதாவைத் தயாரித்தவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே ஆராய்ச்சியின் பெருமையை அவருக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1885ஆம் வருஷத்தில் அவர் லூயிஸியானா மாகாணத்தில் தரிசாய்க் கிடந்த பரந்த நிலங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவரும் வேலையை மேற்கொண்டார். அந்நிலத்தில் எதுவும் விளையாது என்று உள்ளூரார் கூறினர். விளம்பரங்களைக் கண்டு எவரும் வந்து குடியேறவில்லை. அப்பொழுது நாப், ஒவ்வொரு வட்டத்திற்கும் ஒரு நல்ல விவசாயியைச் சலுகைகள் கொடுத்து வரவழைத்துக் குடியேற்றினார். அவர்கள் நிலம் விளைவதைக் கண்ட பிறகே மற்றவர் வந்தனர். அச்சீமை பின்னர் நெல் விளையும் பூமியாயிற்று.

1902ஆம் வருஷத்தில் மத்திய விவசாய இலாகா அவரைத் தென்மாகாணங்களின் விவசாய அபிவிருத்திக்குத் தனி அலுவலராக நியமித்தது. முதலில் சர்க்கார் செலவில் சில மாதிரிப் பண்ணைகள் நடத்தப்பட்டன. பயிர் நன்றாகவே விளைந்தது. குடியானவர்கள் வந்து பார்த்தனர், வியந்தனர், திரும்பிச் சென்று பழைய முறையிலேயே உழுதனர். சர்க்காரின் பணத்தைக் கொண்டு, சம்பள ஆட்களை வைத்து, வேண்டிய எருவை வாங்கிப் போட்டால் யாருக்குத்தான் விளையாது என்பதே அவர்களுடைய பேச்சு. இப்பேச்சில் அறியாமை ஏதுமில்லை. மாதிரிப் பண்ணை விளையாமற் போனால் அதனால் ஒருவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. குடியானவர் வயல் விளையாமற் போனால் அவ்வருஷத்துக் கடனும் நிற்கும், அடுத்த வருஷத்து வித்தும் போகும். இவ்வேற்றுமையை அவர் நன்கறிந்திருந்தார். பிரசுரம் எழுதியவர்கள் அதைக் கருதவில்லை.

டெரல் நகரத்துப் பரீட்சை

1903ஆம் வருஷத் தொடக்கத்தில், டல்லாஸுக்குக் கிழக்கே சுமார் 30 மைல் தூரத்திலுள்ள டெரல் என்னும் ஊரில் வியாபாரிகளும் விவசாயிகளும் கூடிய ஒரு கூட்டத்தில் நாப் தம் யோசனையை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 69. சர்க்கார் பண்ணை வேண்டாம். ஊரார் தாங்களே தங்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர் தம் சொந்த நிலத்தில், தம் சொந்தச் செலவில், தம் மாடு குதிரை ஏர்களைக் கொண்டே, இலாகா கூறும் முறைப்படி பயிர் செய்யட்டும். இலாபம் வந்தால் அது அவருடையது. நஷ்டம் வந்தால் ஊரார் திரட்டி வைக்கும் நிதியிலிருந்து அது ஈடு செய்யப்படட்டும் என்பதே அவ்யோசனை.

ஊரார் ஒரு கமிட்டி அமைத்து நிதியும் திரட்டினர். வால்டர் போர்ட்டர் என்னும் விவசாயி முன்வந்தார். அவருடைய பண்ணையில் 70 ஏக்கர் இதற்கென ஒதுக்கப்பட்டு, பருத்தியும் மக்காச்சோளமும் நாப் கூறியவாறு பயிரிடப்பட்டன. விதை பொறுக்குவதும், உழவின் ஆழமும், களைகொத்தும் காலமும் கவனித்துச் செய்யப்பட்டன. அவ்வருஷம் அப்பகுதியில் வண்டின் தொல்லை இல்லாமலில்லை. எனினும் பழைய முறையில் கிடைத்திருக்கக் கூடியதைவிட 700 டாலர் அதிகமாகத் தமக்குக் கிடைத்ததாகப் போர்ட்டர் கணக்குக் கூறினார். ஈடு செய்ய வைத்த நிதி தொடப்படவே இல்லை. அடுத்த வருஷம் தம் நிலம் முழுவதையும் அம்முறையிலேயே பயிரிடப் போவதாகவும் அவர் அறிவித்தார்.

இப்பரீட்சையில் புதிய விஞ்ஞான உண்மை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூறப்பட்ட முறைகள் அனைத்தும் முன்னரே அச்சில் வந்தவை. பிரசுரம் செய்ய முடியாத காரியத்தைப் போர்ட்டரின் வயல் எவ்வாறு செய்தது என்று ஆராய்ந்தால் மூன்று காரணங்கள் புலப்படும். முதலாவது, பயிர் செய்தவர் அயலாரால் நன்கறியப்பட்டவர்; அவர் மண்ணும் அவர்கள் மண்ணும் ஒன்றே. இரண்டாவது, செய்தவர் தம் கையாலேயே செய்தார். காதால் கேட்பதை மனிதன் சந்தேகிக்கக்கூடும், கண்ணால் காண்பதையும் ஒருவேளை சந்தேகிக்கக்கூடும், தானே செய்து பார்த்ததைச் சந்தேகிக்க இயலாது என்பது நாப் வற்புறுத்தி வந்த கருத்து. மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் முக்கியமானது. ‘நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு?’ என்ற கேள்விக்கு விதைப்பதற்கு முன்னரே விடை கூறப்பட்டது. அவ்விடை இல்லாதவரையில், எவ்வளவு தெளிவாக எழுதிய பிரசுரமும் குடியானவர் காதில் பிறர் பணயத்தில் சூதாடச் சொல்லும் பேச்சாகவே விழும்.

வேலை பரவிய விதம்

1904ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டசபை கூன்வண்டு ஒழிப்பு வேலைக்காக 250,000 டாலர் ஒதுக்கி, அதில் ஒரு பகுதியை நாப்பின் வேலைக்கு அளித்தது. அவர் நியமித்த பிரசாரகர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியில் நல்ல பெயரெடுத்த விவசாயிகளே. அவர்கள் நாட்டுப்புறப் பாதைகளில் சென்று, செய்து காட்ட ஒப்புக்கொண்ட விவசாயிகளின் வயல்களைத் தவறாது பார்வையிட்டனர். பயிர் வளர்ந்து நிற்கையில் அயலாரை வரப்பில் கூட்டி, வயலுக்குச் சொந்தக்காரரையே பேசச் செய்தனர். ஆயிரக்கணக்கான விவசாயிகள் இவ்வாறு சேர்ந்தனர். கூற வேண்டியவற்றையெல்லாம் நாப் பத்தே விதிகளாகச் சுருக்கினார். ஆழ உழுதல், நல்ல வித்தைத் தேர்ந்தெடுத்தல், இடைவெளி விடுதல், பயிரை மாற்றி வைத்தல், எருவைப் பேணுதல், குடும்பத்துக்கு வேண்டிய உணவைச் சொந்த நிலத்திலேயே விளைவித்தல், கணக்கு வைத்தல் போன்றவை அவற்றில் அடங்கும்.

1906ஆம் வருஷத்தில் டெக்ஸாஸிலுள்ள ஸ்மித் ஜில்லாவில், ஒரே ஜில்லாவிற்கென்று தனிப் பிரசாரகர் முதன்முதலாக நியமிக்கப்பட்டார். பின்னர் சிறுவர்களுக்கு மக்காச்சோளச் சங்கங்களும், சிறுமிகளுக்குத் தக்காளிச் சங்கங்களும் ஏற்பட்டன. தகப்பன் செவிசாய்க்காத முறையை மகன் ஒரு ஏக்கரில் செய்து காட்டிய இடங்களும் உண்டு. நாப் 1911ஆம் வருஷத்தில் காலமானார். 1914ஆம் வருஷத்தில் நிறைவேறிய ஸ்மித்–லெவர் சட்டம் மத்திய சர்க்காரும் மாகாணங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு இவ்வேலையை நிரந்தரமாக நடத்த ஏற்பாடு செய்தது.

வண்டியேறிச் சென்ற கல்லூரி

தென்மாகாணங்களில் நிலம் உழுதவர்களுள் பெருந்தொகையினர், அடிமை வாழ்விலிருந்து 1865ஆம் வருஷத்தில் விடுபட்ட நீக்ரோ மக்களும் அவர் சந்ததியாரும் ஆவர். அவர்களிற் பலருக்குப் படிப்பும் இல்லை, சொந்த நிலமும் இல்லை. அலபாமா மாகாணத்து டஸ்கீகி கல்லூரியில் 1896ஆம் வருஷம் முதல் விவசாய ஆராய்ச்சியை நடத்தி வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் தாமும் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவரே. கல்லூரிக்கு வர இயலாதவரிடம் கல்லூரியே செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், அவர் வகுத்த அமைப்பின்படி ஒரு குதிரை வண்டி கட்டப்பட்டது. நியூயார்க் நகரத்துச் செல்வர் மாரிஸ் ஜெஸப் பொருளுதவி செய்ததால் அது ஜெஸப் வண்டி எனப்பட்டது. 1906ஆம் வருஷம் மே மாதத்தில் அது புறப்பட்டது. கலப்பை, பரம்பு, விதைகள், பால் பரிசோதிக்கும் கருவி, வெண்ணெய் கடையும் கருவி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, அங்கேயே இறக்கி, அங்குள்ளவர் நிலத்திலேயே உபயோகித்துக் காட்டினர். அவ்வருஷக் கடைசியில் தாமஸ் மன்றோ காம்பெல் அவ்வேலைக்குப் பிரசாரகராக நியமிக்கப்பட்டார். நீக்ரோ மக்களுள் அப்பதவி பெற்றவர் அவரே முதல்வர்.

கார்வர் எழுதிய பிரசுரங்களும் கவனிக்கத் தக்கவை. 1898ஆம் வருஷம் முதல் அவர் 40க்கு மேற்பட்ட பிரசுரங்களை வெளியிட்டார். விலைகொடுத்து எரு வாங்க இயலாதவருக்கு, காட்டுச் சருகையும் சதுப்பு நிலத்து மண்ணையும் மக்கச்செய்து இடும் முறையைக் கூறினார். பருத்தி தின்று களைத்த மண்ணைத் தேற்ற வேர்க்கடலையையும் காராமணியையும் பயிரிடச் சொன்னதோடு நிற்கவில்லை; விளைந்ததை வீட்டில் எவ்வாறு சமைத்துண்பது என்பதையும் எழுதினார். 1916ஆம் வருஷத்தில் வந்த வேர்க்கடலைப் பிரசுரத்தில் சாகுபடி முறையோடு 105 விதப் பக்குவங்கள் இருந்தன. புதுப் பயிரை வயலில் ஏற்றுக்கொள்வது ஆடவர் முடிவாயினும், அதை அடுப்பில் ஏற்றுவது பெண்டிர் முடிவு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எட்டாது நின்ற எல்லை

இம்முறையின் குறைகளையும் மறைத்தலாகாது. செய்து காட்டும் வேலை சொந்த நிலமுடையவருக்கு விரைவில் பயன்பட்டது. வாரத்துக்கு உழுதவருக்கு அவ்வாறு பயன்படவில்லை. வித்தும் உணவும் கடனாகக் கொடுத்த வியாபாரி பருத்தியையே ஈடாகக் கேட்டார். நிலச் சொந்தக்காரரும் பருத்தியையே வைக்கச் சொன்னார். கார்வரின் பிரசுரத்தை முழுதும் நம்பிய குடியானவருங்கூட ஒரு காணி வேர்க்கடலை வைக்க முடியாத நிலைமை இருந்தது. இவ்விடத்தில் தடையாயிருந்தது அறிவின் குறைவன்று. முடிவு செய்யும் உரிமையின் குறைவு.

நாப் கூறிய முறைகள் வண்டைத் தப்ப உதவினவேயன்றி வண்டை ஒழிக்கவில்லை. வண்டை அடியோடு ஒழிக்கும் முயற்சி 1978ஆம் வருஷத்தில் வட கரோலினா, வர்ஜினியா மாகாணங்களில் பரீட்சையாகத் தொடங்கி, பல்லாண்டுகள் நடந்தது. அது வெற்றி பெற்றதற்கு நிபுணர்களின் கருவிகள் மட்டுமே காரணமல்ல. விவசாயிகள் வாக்களித்து ஒப்புக்கொண்டு, செலவிலும் பெரும் பங்கை ஏற்றுக்கொண்டதும் ஒரு முக்கிய காரணம்.

நம் நாட்டில் கண்ட சான்று

இதே பாடம் இந்தியாவிலும் வேறு சாதனத்தின் மூலம் கிடைத்திருக்கிறது. 1956ஆம் வருஷத்தில் அன்றைய பம்பாய் ராஜ்யத்தில், பூனா வானொலி நிலையத்திலிருந்து கிராமங்களுக்கென நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டு, 150 கிராமங்களில் கேட்போர் குழுக்கள் அமைக்கப்பட்டன. கேட்டதோடு கலையாமல், குழுவினர் உட்கார்ந்து அதைப் பற்றி விவாதித்து, தங்கள் ஐயங்களை நிலையத்திற்கு எழுதினர். வானொலிப் பெட்டி மட்டும் இருந்து குழு அமைக்கப்படாத கிராமங்களைவிட, குழு அமைந்த கிராமங்களில் விஷயம் மிக நன்றாகப் பதிந்திருந்தது என்று பின்னர் செய்த பரிசோதனையில் தெரிந்தது.

பின்னர் தஞ்சை ஜில்லாவில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டி உருவாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் 1960–70க்கு இடைப்பட்ட வருஷங்களில் வெளியிடப்பட்டது. திருச்சி வானொலி நிலையம் அதன் சாகுபடி முறையைப் பண்ணைச் செய்திகளில் இடைவிடாது எடுத்துரைத்தது. குடியானவர்கள் ரகத்தின் எண்ணை மறந்து அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கலாயினர். எனினும் வானொலியின் சொல் வெற்றுச் சொல்லாயிருக்கவில்லை. 1960ஆம் வருஷ வாக்கிலிருந்து அந்த ஜில்லாவில் நடந்துவந்த தீவிர விவசாயத் திட்டத்தின்கீழ், வித்தும் உரமும் கடனும் கிடைக்க வழி இருந்தது. அயலார் வயலில் செய்து காட்டுதலும் நடந்தது. காதில் விழுந்ததைக் கண்ணால் காணவும் கையால் செய்யவும் வசதி இருந்தமையாலேயே அச்சொல் பலித்தது. குறுவை அறுவடை மழையில் அகப்பட்டால் ஈர நெல்லை உலர்த்துவதெப்படி என்ற கவலையும் உடன் எழுந்தது. வயலிலிருந்து ஆராய்ச்சிச் சாலைக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய கேள்விகள் இத்தகையவையே.

கைக்கொள்ளத் தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அனுசரிக்கத் தக்க சில விஷயங்கள் பெறப்படுகின்றன.

1. புதிய ரகத்தையோ முறையையோ பற்றிக் கேள்விப்பட்டவுடன், அது எம்மண்ணில், எத்தனை போகம், எவ்வளவு தண்ணீரில் பரீட்சிக்கப்பட்டது என்றும், ஏக்கருக்கு அதிகச் செலவு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை கூறுவது நிபுணரின் கடமை. விளைந்த இடத்தை மட்டும் கூறி, விளையாத இடத்தை மறைப்பவர் சொல்லை உடனே நம்ப வேண்டுவதில்லை.

2. முதல் வருஷத்தில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் செய்து பார்த்தல் வேண்டும். பக்கத்திலேயே, அதே நாளில், பழைய முறையிலும் ஒரு துண்டைப் பயிரிட்டு, இரண்டையும் தனித்தனியே அறுத்து அளந்து கணக்கு எழுத வேண்டும். அளக்காத மகசூல் வாதத்திற்கே உதவும்.

3. செய்து காட்டும் வயலைத் தேர்ந்தெடுக்கும்போது, கிராமத்தில் பெரிய பண்ணையையே நாடுவது வழக்கமாகிவிட்டது. போர்ட்டரைப் போல் அயலார் மதிப்பிற்குரிய, நடுத்தர வசதியுள்ள ஒருவரின் நிலம், பலரும் நடந்துபோகும் பாதையோரத்தில் இருக்குமானால் அதுவே சிறந்தது. சிறு குடியானவர் ஒருவரின் நிலத்திலும் வாரதாரர் ஒருவரின் நிலத்திலும் உடன் செய்து பார்த்தல், முறை யாருக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும்.

4. நஷ்ட ஈட்டைப் பற்றி விதைப்பதற்கு முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ, ஊர்ப் பொதுவோ ஒரு சிறு நிதியை இதற்கென ஒதுக்கலாம். டெரல் நகரத்து நிதி செலவாகாமலேயே தன் வேலையைச் செய்தது. வாரத்துக்கு உழுபவர் புது முறையைக் கைக்கொள்ள வேண்டுமென விரும்பும் மிராசுதார், முதல் வருஷத்து நஷ்டத்தில் தாமும் பங்கேற்பதாகக் கூறுவாராயின், பத்துப் பிரசங்கங்கள் செய்யாத காரியத்தை அச்சொல் செய்யும்.

5. பயிர் தவறிப்போன இடங்களையும் காரணத்துடன் இலாகாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நிபுணரும் அதைக் குறையாகக் கருதாமல் பெற்று, அடுத்த பரீட்சைக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

வரும் போகத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வயலிலேனும் இம்முறைப்படி செய்து பார்த்து, அறுவடையன்று ஊராரைக் கூட்டி அவர் முன்னிலையில் அளந்து காட்டுவார்களாயின், ஆராய்ச்சிச் சாலைக்கும் அக்கிராமத்திற்கும் இடையேயுள்ள தூரம் அந்த அளவுக்குக் குறையும். அளந்த கணக்கின் ஒரு பிரதி கிராமத்திலும் ஒரு பிரதி இலாகாவிலும் இருத்தல் அவசியம்.